சதர்லாந்து ஏன் இவ்வளவு காலியாக இருக்கிறது?

ஸ்காட்லாந்தின் வடக்கே சதர்லாந்துக்குப் போய்விட்டு வந்தவர்களிடம் எப்படி இருந்தது என்று கேட்டால், பத்தில் எட்டுப் பேர் ஒரே மாதிரிதான் சொல்வார்கள். மலை, ஏரி, வெள்ளை மணல் கடற்கரை, மணிக்கணக்கில் கார் ஓட்டினாலும் ஒரு ஆள் கண்ணில் படவில்லை, மனிதன் கை படாத இடம், சொர்க்கம். நானும் முதல் தடவை போனபோது இதையேதான் சொன்னேன். அப்புறம் லேர்க் என்ற ஊருக்குப் பக்கத்தில் நான்கு வருடம் குடியிருந்தேன். அந்த நான்கு வருடத்தில் எனக்கு நன்றாக உறைத்தது ஒரே விஷயம்தான்: இது மனிதன் கை படாத இடமே கிடையாது. நிலம் முழுக்க மனிதன் கைதான் தெரிகிறது. இங்கே இருந்த ஜனங்களை வெளியே அனுப்பியதால் வந்த காலி இது. இன்றைக்கு இங்கே வாழ்கிறவர்களின் வீட்டுப் பிரச்சினை, பள்ளிக்கூடப் பிரச்சினை, சுற்றுலா வண்டிகளோடு நடக்கும் இழுபறி எல்லாவற்றுக்கும் வேர் அங்கேதான் இருக்கிறது. அதனால் பார்க்க வேண்டிய இடங்களின் பட்டியலுக்கு முன்னால் அந்தக் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

முதலில் இடம். பிரிட்டனின் பெருநிலத்தில் வடமேற்கு மூலை. பரப்பளவு 5,000 சதுர கிலோமீட்டருக்கு மேல், ஆனால் மக்கள்தொகை சுமார் 13,000தான். பெயரிலேயே ஒரு வேடிக்கை இருக்கிறது. சதர்லாந்து என்றால் தெற்கு நிலம். பிரிட்டனின் வட எல்லையில் இருப்பதற்கு இப்படி ஒரு பெயரா என்று தோன்றும். பெயர் வைத்தவர்கள் நார்வேப் பக்கத்திலிருந்து வந்து, இதற்கு வடகிழக்கே இருக்கும் ஆர்க்னி தீவுகளிலும் கெய்த்னஸ் பகுதியிலும் குடியேறியவர்கள், அவர்கள் நின்ற இடத்திலிருந்து பார்த்தால் இது தெற்குதான். கேலிக் மொழியில் இதே மாவட்டத்துக்குக் காடவ் என்று வேறு பெயர். 1975இல் நிர்வாக மாற்றம் வந்தபோது தனி மாவட்டம் என்ற அந்தஸ்து போய்விட்டது, இப்போது ஹைலேண்ட் கவுன்சிலுக்குள் அடங்கியிருக்கிறது. ஆனால் ஊர்க்காரர்களைக் கேட்டால் இன்றும் சதர்லாந்து என்றுதான் சொல்வார்கள்.

சரி, ஜனங்கள் எங்கே போனார்கள்?

இருநூறு வருடத்துக்கு முன்னால் இங்கே மக்கள் இருந்தது கடற்கரையில் மட்டும் இல்லை. உள்நாட்டுப் பள்ளத்தாக்குகளில், ஆற்றோரத்தில், கொத்துக் கொத்தாகச் சிற்றூர்கள் இருந்தன. கறுப்பு மாடு வளர்த்தார்கள், ஓட்ஸும் பார்லியும் போட்டார்கள், கேலிக் பேசினார்கள். நிலம் அவர்கள் பெயரில் இல்லை, கிட்டத்தட்ட மாவட்டம் முழுவதும் ஒரே குடும்பத்தின் எஸ்டேட். சதர்லாந்து சீமாட்டி எலிசபெத் பிறப்பால் அதன் உரிமைக்காரி, அவருடைய கணவர் ஸ்டாஃபோர்டு பிரபு அன்றைய பிரிட்டனின் பெரும் பணக்காரர்களில் ஒருவர். தெற்கே நெசவாலைகள் பெருகி கம்பளி விலை ஏறிய காலம் அது. பள்ளத்தாக்குகளில் குடியிருக்கும் நூற்றுக்கணக்கான குடும்பங்கள் தரும் வாடகையைவிட, அதே நிலத்தை மொத்தமாக ஒரே ஆட்டுப் பண்ணைக்காரருக்குக் குத்தகைக்கு விட்டால் பல மடங்கு வருமானம். ஆட்டுக்குக் குளிர்காலத்தில் மேய, காற்று அடிக்காத தாழ்வான பள்ளத்தாக்குப் புல் வேண்டும். ஜனங்கள் இருந்ததும் அதே பள்ளத்தாக்கில்தான். ஆகவே ஜனங்கள் போக வேண்டியதாயிற்று. கடற்கரையில் அவர்களுக்குத் துண்டு நிலம் கொடுத்து, மீன்பிடி கற்றுக்கொண்டு பிழைத்துக்கொள்ளுங்கள் என்று அனுப்புவது திட்டம். கடலையே தொழிலாகப் பார்க்காத உழவர்களுக்கு.

இதை நடத்தியவர்களில் இன்றும் இந்தப் பக்கத்தில் வெறுப்போடு சொல்லப்படும் பெயர் பேட்ரிக் செல்லர். எஸ்டேட்டின் காரியஸ்தர். ஸ்ட்ராத்நேவர் பள்ளத்தாக்கின் ஆட்டுப் பண்ணைக் குத்தகையை எடுத்தவரும் அவரே, அதாவது ஆட்களைக் காலி செய்ய ஓலை கொடுக்கும் அதிகாரமும் அதனால் வரும் லாபமும் ஒரே கையில். 1814இல் வீடுகளைக் காலி செய்யவைத்து, மறுபடி வந்து கூரை போட்டுவிடக் கூடாது என்று கூரை மரங்களுக்கே தீ வைத்தார்கள். மரமே அரிதான ஊரில் கூரை மரம்தான் ஒரு குடும்பத்தின் பெரிய சொத்து, இடம் மாறினால் தோளில் தூக்கிக்கொண்டு போவார்கள். பேடின்லாஸ்கின் என்ற இடத்தில் படுத்த படுக்கையாக இருந்த மார்கரெட் மக்காய் என்ற கிழவி எரிகிற வீட்டிலிருந்து வெளியே தூக்கிவரப்பட்டு சில நாளில் இறந்துபோனார். இதற்காக 1816இல் இன்வர்னஸில் செல்லர் மீது வழக்கு நடந்தது, விடுதலையானார். 1819இல் இன்னும் பெரிய அளவில் வெளியேற்றம் தொடர்ந்தது. ராசல் என்ற சிற்றூரைச் சேர்ந்த கொத்தனார் டொனால்ட் மக்லௌட் அதைக் கண்ணால் பார்த்தவர், பின்னாளில் எடின்பரோ பத்திரிகை ஒன்றுக்குக் கடிதங்களாக எழுதினார். அவர் எழுதியிராவிட்டால் காரியஸ்தர்களின் கணக்குப் புத்தகம் மட்டுமே நமக்குச் சாட்சியாக மிஞ்சியிருக்கும்.

அந்த ராசலுக்கு நீங்கள் நடந்து போகலாம். ஸ்ட்ராத்நேவரில் சாலையிலிருந்து திரும்பி, ஊசியிலைக் காட்டுக்குள் கொஞ்ச தூரம் போனால் மரம் இல்லாத ஒரு திறந்த வெளி வரும். நான் முதலில் போனது ஒரு மே மாதச் சாயங்காலம். கல் குவியல்தான் இருக்கும் என்று நினைத்துப் போனேன். என்னைப் பிடித்து நிறுத்தியது புல்லின் நிறம். சுற்றிலும் பழுப்பு, சேற்று மண், ஹெதர் புதர். நடுவில் வீடும் வயலும் இருந்த இடம் மட்டும் பளிச்சென்று பச்சை. தலைமுறை தலைமுறையாக மாட்டுச் சாணமும் அடுப்புச் சாம்பலும் கொட்டி உரமேற்றிய மண் இருநூறு வருடம் கழித்தும் வேறு நிறத்தில் இருக்கிறது. முழங்கால் உயரத்துக்குச் சுவர், வாசல் இருந்த இடத்தில் ஒரு இடைவெளி, உள்ளே நுழைந்தால் ஒரு பக்கம் ஆள், ஒரு பக்கம் மாடு என்று தரை லேசாகச் சரிந்திருப்பதுகூடத் தெரிகிறது. அதைப் பார்த்துப் பழகிய பிறகு, கார் ஓட்டிக்கொண்டு போகும்போதே மலைச்சரிவில் பச்சைத் திட்டு தெரிந்தால் இங்கே ஒரு ஊர் இருந்திருக்கிறது என்று கண் தானாகச் சொல்லிவிடும். எத்தனை திட்டுகள் என்று எண்ண ஆரம்பித்தேன், ஒரு கட்டத்தில் விட்டுவிட்டேன்.

வெளியேறியவர்களில் ஒரு பகுதி வடகரையில் பெட்டிஹில் என்ற இடத்தில் ஒதுங்கியது. அந்த ஊர்ப் பெயரே எலிசபெத் சீமாட்டியின் பெயர்தான், பெட்டி என்பது அதன் சுருக்கம். கில்டோனன் பள்ளத்தாக்கிலிருந்து 1813இல் காலி செய்யப்பட்டவர்களில் சிலர் கப்பலேறி ஹட்சன் வளைகுடாவில் இறங்கி, பனியில் நடந்து, இன்றைய வின்னிபெக் இருக்கும் செவ்வாற்றங்கரை போய்ச் சேர்ந்தார்கள். ஹெல்ம்ஸ்டேல் துறைமுகத்துக்கு மேலே ஒரு குடும்பத்தின் வெண்கலச் சிலை நிற்கிறது, அதே சிலையின் ஜோடி வின்னிபெக்கில் இருக்கிறது. கோல்ஸ்பி ஊருக்கு மேலே பென் ப்ராகி மலை உச்சியில் இன்னொரு சிலை, பிரம்மாண்டமானது, பல மைல் தூரத்துக்குத் தெரியும். அது முதலாம் சதர்லாந்து கோமகனாகப் பட்டமேறிய அதே ஸ்டாஃபோர்டு பிரபு. அதை இடித்துத் தள்ள வேண்டும் என்கிறவர்களும் உண்டு, இருக்கட்டும், வருகிறவர்கள் பார்த்துக் கேள்வி கேட்கட்டும் என்கிறவர்களும் உண்டு. நான் இரண்டாவது கட்சி.

இன்வர்னஸிலிருந்து ஏ9 சாலையில் வடக்கே வரும்போது, சதர்லாந்துக்கு முன்னாலேயே, ஈஸ்டர் ராஸ் பகுதியில் ஃபைரிஷ் என்ற குன்றின் தலையில் மூன்று வளைவுகள் கொண்ட ஒரு கல் கட்டடம் வானத்துக்கு எதிரே தெரியும். நம்மவர்கள் கண்டிப்பாக ஏறிப் பார்க்க வேண்டியது. அது நாகப்பட்டினத்துக் கோட்டை வாசலின் சாயலில் கட்டியது! 1781இல் டச்சுக்காரர்களிடமிருந்து நாகப்பட்டினத்தைப் பிடித்த கம்பெனிப் படைத்தளபதி ஹெக்டர் மன்றோ இந்தப் பக்கத்து நோவார் எஸ்டேட்டின் சொந்தக்காரர். ஊரில் வேலையில்லாமல் கிடந்தவர்களுக்குக் கூலி கொடுக்கத்தான் இதைக் கட்டினார் என்பார்கள், இன்னும் கொஞ்ச நாள் கூலி கிடைக்கட்டும் என்று ஏற்றிய கல்லையே உருட்டிவிட்டு மறுபடி ஏற்றச் சொன்னதாக ஒரு கதையும் உண்டு. கதை எப்படியோ, ஈஸ்டர் ராஸில் மேய்ச்சல் நிலத்தை வெளியூர் ஆட்டுக்காரர்களுக்கு விடும் வழக்கம் சீக்கிரமே வந்துவிட்டது. 1792இல் ஊர் ஜனங்கள் திரண்டு ஆயிரக்கணக்கான ஆடுகளை மாவட்டத்தை விட்டே தெற்கே ஓட்டிப்போக, அவர்களை அடக்க ராணுவம் வந்தது. கேலிக்கில் அந்த வருடத்துக்கு ஆட்டு வருடம் என்றே பெயர். நாகப்பட்டினமும் ஆட்டு வருடமும் ஒரே குன்றடியில் வந்து சேர்வதைப் பற்றி நான் அங்கே உட்கார்ந்து வெகுநேரம் யோசித்திருக்கிறேன்.

அதே வழியில், சதர்லாந்தின் தெற்கு எல்லையை ஒட்டி, ஆர்ட்கே ஊரிலிருந்து ஒற்றைச் சாலையில் உள்ளே போனால் க்ரோயிக் தேவாலயம். 1845இல் க்ளென்கால்வி பள்ளத்தாக்கிலிருந்து வெளியேற்றப்பட்டவர்கள், போக இடமில்லாமல், அதன் கல்லறைத் தோட்டத்தில் கித்தான் கட்டித் தங்கினார்கள். கிழக்கு ஜன்னலின் சிறு சாய்சதுரக் கண்ணாடிகளில் வெளிப்பக்கத்திலிருந்து எதையோ வைத்துக் கீறி எழுதியிருக்கிறார்கள். வெளிச்சம் சாய்வாக விழும்போது படிக்கலாம். தேதி, ஊர்ப் பெயர், தங்களைப் பற்றியே கொடிய தலைமுறை என்று ஒரு வரி. இந்தத் தண்டனை வருமளவுக்கு நாம் என்ன பாவம் செய்தோம் என்ற மனநிலையில் எழுதியது அது. சட்டமும் சமயமும் அன்றைக்கு அவர்களுக்கு அப்படித்தான் போதித்திருந்தன.

அப்புறம் ஆட்டு விலையும் விழுந்தது. ஆடு இருந்த இடத்தில் மான் வந்தது, பணக்காரர்கள் துப்பாக்கியோடும் தூண்டிலோடும் வந்தார்கள். வெறும் மலை, ஒரு வேட்டை பங்களா, ஒரு காவலாள். இன்று புகைப்படத்தில் நாம் பார்க்கும் காட்சி அந்தக் காலத்தில் உருவானது. மானும் ஆடும் கன்று மரத்தை வளரவிடாது, அதனால்தான் மலைகள் மொட்டையாக இருக்கின்றன.

கடற்கரைத் துண்டு நிலக்காரர்களுக்கு விடிவு வந்தது 1886இல். பெரும் போராட்டத்துக்கும் அரசு விசாரணைக் குழுவுக்கும் பிறகு வந்த க்ராஃப்டர் சட்டம், வாடகை கட்டும்வரை குத்தகைதாரரை வெளியேற்ற முடியாது, நியாய வாடகைதான் வாங்கலாம், பிள்ளைகளுக்கு உரிமை போகும் என்று எழுதிக் கொடுத்தது. க்ராஃப்ட் என்றால் என்ன என்று வெளியிலிருந்து வருகிறவர்கள் குழம்புவார்கள். வீட்டைச் சுற்றி சில ஏக்கர் நிலம், கூடவே ஊர்ப் பொது மேய்ச்சல் நிலத்தில் ஒரு பங்கு, இவ்வளவுதான். இதை மட்டும் வைத்து வயிறு நிரம்பாது, நிரம்பக் கூடாது என்றுதான் ஆரம்பத்தில் அளந்து கொடுத்தார்கள், அப்போதுதான் கூலி வேலைக்கும் மீன்பிடிக்கும் வருவார்கள் என்று. இன்றும் ஒரு க்ராஃப்டர் காலையில் பள்ளிப் பேருந்து ஓட்டுவார், மதியம் தபால் பார்ப்பார், சாயங்காலம் ஆடு பார்ப்பார்.

நிலத்தையே திரும்ப வாங்கிய கதை மேற்கே அசிண்ட் பகுதியில் நடந்தது. 1992இல் வடக்கு லாக்கின்வர் எஸ்டேட்டை வைத்திருந்த வெளிநாட்டு நிறுவனம் திவாலாகி, 21,000 ஏக்கரை ஏழு துண்டாக்கி விற்கப் போட்டார்கள். க்ராஃப்டர்கள் கூடி நாமே வாங்குவோம் என்று முடிவெடுத்தார்கள். அவர்களிடம் ஒரு நல்ல பிடி இருந்தது. 1976ஆம் வருடச் சட்டப்படி ஒவ்வொரு க்ராஃப்டரும் தன் நிலத்தை வருட வாடகையைப்போல் 15 மடங்கு, அதாவது சொற்பப் பணம், கொடுத்து வாங்கிக்கொள்ளலாம். வேறு யாராவது எஸ்டேட்டை வாங்கினால் அந்த உரிமையை எல்லோரும் ஒரே நேரத்தில் பயன்படுத்துவோம், உங்கள் கையில் என்ன மிஞ்சும் என்று பாருங்கள் என்றார்கள். நன்கொடை திரட்டி, கடன் வாங்கி, 3 லட்சம் பவுண்டுக்கு 1993 தொடக்கத்தில் நிலம் அவர்கள் கைக்கு வந்தது. இதற்குப் பிறகுதான் எக் தீவு 1997இல் இதே மாதிரி ஊர்ச் சமூகத்துக்காக வாங்கப்பட்டதும், ஊர்ச் சமூகங்களுக்கு நிலம் வாங்கும் உரிமை கொடுத்த 2003ஆம் வருட நிலச் சீர்திருத்தச் சட்டமும். 2005இல் பக்கத்து எஸ்டேட்டும், அதோடு சேர்ந்து சுல்வன் மலையும் ஊர் அறக்கட்டளைக்கு வந்தன. 731 மீட்டர்தான், ஆனால் 300 கோடி வருடப் பழைய பாறைத் தளத்தின் மேல் தனியாக எழுந்து நிற்கிற அந்த மலையை ஒரு தடவை பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள்.

உள்நாட்டுச் சதுப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஃப்ளோ கன்ட்ரி என்று பெயர், கெய்த்னஸிலும் சதர்லாந்திலுமாகச் சுமார் 4,000 சதுர கிலோமீட்டர் பீட் சதுப்பு. பீட் என்றால் செடியும் பாசியும் மக்கிப் படிந்த மண், காயவைத்தால் விறகுபோல் எரியும். பாசி மக்கி வருடத்துக்கு ஒரு மில்லிமீட்டர் கணக்கில் ஏறி, சில இடங்களில் பத்து மீட்டர் ஆழம். ரயிலில் போகிறவர்களுக்கு ஒன்றுமில்லாத பொட்டல் மாதிரி இருக்கும். 1980களில் அரசாங்கத்துக்கும் அப்படித்தான் தெரிந்தது, மரம் நட்டால் வரிச் சலுகை என்றார்கள், ஊரைப் பார்த்திராத பணக்காரர்களின் பெயரில் சதுப்பைக் கீறி வடிகால் வெட்டி ஊசியிலை மரம் நட்டார்கள். 1988 பட்ஜெட்டில் சலுகையை நிறுத்திய பிறகுதான் அது நின்றது. இப்போது அதே மரங்களை வெட்டி, அதே வடிகாலை அடைத்துக்கொண்டிருக்கிறார்கள், காரணம் இந்த மண்ணுக்குள் அடைபட்டிருக்கும் கார்பன். 2024 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரிய இடமாக அறிவித்தது. ஃபார்சினார்ட் ரயில் நிலையத்தில் இறங்கினால் பலகைப் பாதையில் நடந்து பார்க்கலாம், குனிந்து பார்த்தால் பூச்சி பிடிக்கும் சிறு செவ்விலைச் செடிகள் காலடியிலேயே இருக்கும்.

சரி, இங்கே வாழ்வது எப்படி? தூரம்தான் எல்லாம். டர்னஸில் இருப்பவருக்குப் பிரசவம் என்றால் இன்வர்னஸ் பெரிய ஆஸ்பத்திரி, ஏறக்குறைய 100 மைல், நல்ல நாளிலேயே இரண்டரை மணி நேரம், பனி நாளில் சொல்ல முடியாது. கைல்ஸ்கியூ பாலம் 1984இல் திறப்பதற்கு முன்னால் படகு ஓடாத நேரத்தில் எதிர்க்கரைக்குப் போக மலையைச் சுற்றிக்கொண்டு பெரும் தூரம் போக வேண்டியிருந்தது. மேற்குக் கரை ஊர்களில் கேஸ் குழாய் கிடையாது, எண்ணெய்த் தொட்டி அல்லது கரண்ட் அல்லது விறகும் பீட்டும். ஜூனில் ராத்திரி பத்தரை வரை சூரியன், அதற்கப்புறமும் முழு இருட்டு வராது. டிசம்பரில் ஒன்பது மணிக்கு விடிந்து மூன்றரைக்குள் இருட்டிவிடும். என்னை அசைத்தது குளிர் இல்லை, அந்த இருட்டுதான். முதல் ஜனவரியில் பக்கத்து வீட்டு அம்மா கதவைத் தட்டி, தினமும் மதியம் பன்னிரண்டு மணிக்கு வெளியே போய் நில், மழை பெய்தாலும் நில் என்று சொல்லிவிட்டுப் போனார். அதைச் செய்தேன், பிழைத்தேன். நான் இருந்த நாளில் சினிமா லாரியில் வரும், ஸ்க்ரீன் மெஷின் என்று பெயர், பக்கவாட்டில் விரிந்து எண்பது பேர் உட்காரும் அரங்கமாகும். அது வரும் நாளில்தான் ஊர் முழுவதையும் ஒரே இடத்தில் பார்ப்பேன்.

இதையெல்லாம் தாங்கிக்கொள்ள ஆள் இருக்கிறார்கள், வேலையும் ஓரளவு இருக்கிறது. இல்லாதது வீடு. காட்சி நன்றாக இருக்கும் வீடுகளைத் தெற்கே சம்பாதித்தவர்கள் விடுமுறைக்கு வாங்கிவிடுகிறார்கள், அல்லது வாரக் கணக்கில் சுற்றுலாவுக்கு விடுகிறார்கள். ஆசிரியர் வேலை கிடைத்த ஒரு இளம் ஜோடி வாடகைக்கு வீடு கிடைக்காமல் வேலையையே விட்டதை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். ஒரு குடும்பம் வந்தால் பள்ளியில் இரண்டு பிள்ளைகள் கூடும், இரண்டு பிள்ளைகள் போனால் பள்ளியே ஆட்டம் காணும். இருநூறு வருடத்துக்கு முன்னால் ஓலை கொடுத்து அனுப்பினார்கள், இப்போது விலையே அந்த வேலையைச் செய்கிறது.

இந்த நிலைமையில்தான் 2015இல் நார்த் கோஸ்ட் 500 என்ற பெயரில் இன்வர்னஸில் தொடங்கி அங்கேயே முடியும் 516 மைல் சாலைச் சுற்று விளம்பரமானது. வாழ வைத்ததும் அதுதான், வதைப்பதும் அதுதான். தங்கும் விடுதிகளும் கடைகளும் மூச்சு விட்டன, உண்மை. ஆனால் ஒற்றைத் தட சாலைகளில் பெரிய கேம்பர்வேன்கள் வரிசையாக வந்தன, கழிப்பறை போதவில்லை. வருகிறவர்களில் பலர் ஐந்து நாளில் சுற்றி முடிக்கப் பார்ப்பதால் ஒரு ஊரிலும் நிற்பதில்லை.

அதனால் போவதாக இருந்தால் சுற்று முடிக்க நினைக்காதீர்கள். லாக்கின்வரிலோ டர்னஸிலோ பெட்டிஹில்லிலோ ஒரே இடத்தில் நான்கு நாள் தங்குங்கள், ஊர்க் கடையில் சாமான் வாங்குங்கள். ஒற்றைத் தடத்தில் ஒதுங்குமிடம் எப்போதும் உங்கள் இடப்பக்கம் இருந்தால் மட்டுமே உள்ளே ஒதுங்க வேண்டும். வலப்பக்கம் இருந்தால் அதற்கு எதிரே சாலையிலேயே நின்று எதிர் வண்டியை உள்ளே விட வேண்டும். பின்னால் ஒரு வண்டி ஒட்டிக்கொண்டு வந்தால் ஒதுங்கி வழி விடுங்கள், அது வேலைக்குப் போகும் செவிலியாக இருக்கலாம். ஒதுங்குமிடத்தில் காரை நிறுத்திப் படம் எடுக்காதீர்கள். வழி விட்டவருக்கு ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரல் தூக்கினால் போதும், அதுதான் அந்த ஊர் வணக்கம். கூடாரம் போட்டுத் தங்கும் உரிமை சட்டப்படி உண்டு, ஆனால் அது நடந்து வருகிறவருக்கு, வண்டிக்கு இல்லை. ஏப்ரல், மே ஆடு குட்டி போடும் காலம், நாயைக் கயிற்றில் பிடியுங்கள். மிட்ஜ் என்ற கண்ணுக்குச் சட்டென்று தெரியாத சின்னக் கடிப்பூச்சி ஜூனிலிருந்து செப்டம்பர் வரை காற்றில்லாத காலையிலும் மாலையிலும் மொய்க்கும், லேசான காற்று இருந்தாலே வராது. நடந்துவிட்டு வந்தால் காலில் உண்ணி ஒட்டியிருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள், லைம் நோய் உண்டு. என்னைக் கேட்டால் மே மாதம்தான் சிறந்தது.

சாண்ட்வுட் கடற்கரைக்கு ப்ளேர்மோரிலிருந்து நான்கு மைல் நடை, கார் போகாது, அதனாலேயே அது அப்படி இருக்கிறது. டர்னஸில் ஸ்மூ குகை. நேரம் ஒரே நாள்தான் என்றால் இரண்டையும் விட்டுவிட்டு ஸ்ட்ராத்நேவர் சாலையை எடுங்கள். காலையில் பெட்டிஹில்லில் பழைய தேவாலயத்துக்குள் இருக்கும் அருங்காட்சியகம், பிறகு ஆற்றோரமாகத் தெற்கே, வழியில் தகவல் பலகை இருக்கும் ஒவ்வொரு நிறுத்தத்திலும் இறங்கி, கடைசியில் ராசல். மழைக் காலணி போட்டுக்கொள்ளுங்கள், காட்டுப் பாதை சகதியாக இருக்கும். சாயங்கால வெயில் இருக்கும்போதே போய்விடுங்கள், அப்போதுதான் பச்சை தெளிவாகத் தெரியும்.